வரவு: ஒரு லட்சம்

பேனரில் ஒரு லட்சம் என்றுதான் போட்டோம்.
கதவளவு காசோலை, தெர்மாகோலில் செய்தது.
மேடையில் அதன் ஒரு முனையை அங்குர் பிடித்தார்,
மறுமுனையைத் தேஜஸ்வினி.
நடுவில் எங்கள் டீன்
எதையும் பிடிக்காமல் சிரித்தார்.

பொருளாளர் நான். நோட்டில் இருப்பது இது:
அறுபதாயிரம், க்ளவுட் கூப்பனாக,
மார்ச் முப்பத்தொன்று நள்ளிரவோடு சரி.
இருபத்தையாயிரம், டி-ஷர்ட்டாக.
மிச்சம் பதினைந்து,
ஜிஎஸ்டி எண் போட்ட பில் கொடுத்தால்
நாற்பத்தைந்து வேலை நாளில் வரும்.

எங்களுக்கு ஏது ஜிஎஸ்டி எண்?
எங்களுக்கு இருப்பது
மெக்கானிக்கல் பிளாக்கின் பின்னால் பழைய ஜெனரேட்டர் அறை,
இரண்டு சால்டரிங் அயர்ன், அதில் ஒன்று இரவல்,
ஒரு சாவி. அது இம்தியாஸிடம் இருக்கும்.
இம்தியாஸ் எங்கே இருப்பான் என்று யாருக்கும் தெரியாது.

டி-ஷர்ட் பேச்சுவார்த்தை நாலு நாள்.
கம்பெனியின் சின்னம் ஒரு பறவை,
ஆரஞ்சு நிறம், கால் கிடையாது,
மார்பில் இருபத்திரண்டு சென்டிமீட்டர்.
எங்கள் பெயர் முதுகில், காலருக்குக் கீழே, நாலு.
ஆறு கேட்டேன்.
பிராண்ட் விதி இடம் கொடுக்காது என்றார் அங்குர்,
மரியாதையாகத்தான்.
ஃபில்டர் காபி வாங்கிக் கொடுத்தார்.
மூன்று வருஷத்துக்கு முன் அவரும் ஹூப்ளியில்
இப்படியொரு கிளப்பில் வயர் உரித்துக்கொண்டிருந்தாராம்.
ஐந்துக்கு இறங்கினேன்.
நாலுதான் அச்சாகி வந்தது.

நாங்கள் செய்ய நினைத்தது சின்ன விஷயம்.
ஈஜிபுராவில் ராஜகாலுவே நிரம்பி
தண்ணீர் பாலத்துக்கு ஓரடி கீழே வரும்போதே
அந்தத் தெருவின் போன்கள் எல்லாம் அலற வேண்டும்.
போன அக்டோபரில் லூர்து பிரகாஷ் வீட்டில்
கேஸ் சிலிண்டர் மிதந்தது.
சிரித்துக்கொண்டே சொன்னான்,
சொல்லி முடித்ததும் சென்சார் விலையைத் தேடினான்.
ஒன்று எண்ணூற்று நாற்பது. ஆறு வேண்டும்.

கூப்பனில் சென்சார் வாங்க முடியாது.
டி-ஷர்ட்டை வைத்து நீர்மட்டம் அளக்க முடியாது.
"முடியும். நனைஞ்ச இடம் வரைக்கும்,"
என்றான் லூர்து.

பிறகு ஒரு மெயில்.
உறுப்பினர் பட்டியல் வேண்டும்: பெயர், ஆண்டு, கைப்பேசி எண்.
எக்செல்லில் இருந்தால் நல்லது.
அனுப்பினேன்.
யாரும் மிரட்டவில்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டு வரி, இரண்டு நிமிஷ வேலை.
அனுப்பிவிட்டு மெஸ்ஸில் பிசிபேளே பாத் சாப்பிட்டேன்.
ருசியாகவே இருந்தது.

லூர்து கொடுத்திருந்த எண் அவன் அம்மாவுடையது.
அவனுடைய போன் அக்டோபரில் போனது.
இன்டர்னல் தேர்வு வாரத்தில் முதல் அழைப்பு இந்தியில்,
இரண்டாவது கன்னடத்தில்,
மூன்றாவதாக ஒரு பெண், தேன் போலத் தமிழில்:
"உங்க பையன செலக்ட் பண்ணியிருக்கோம்மா."
கார்மென்ட்ஸில், பட்டன் செக்‌ஷனில்,
பிலோமினா அம்மாவுக்கு அதுவரைக்கும் கேட்டது.
ஆறு மாதக் கோர்ஸ், நாற்பத்திரண்டாயிரம், மாதத் தவணை
எல்லாவற்றையும் மெஷின்கள் தைத்து மூடிவிட்டன.

மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால்
ஜெனரேட்டர் அறை வாசலில் நின்றார்.
கையில் எவர்சில்வர் டப்பா.
பிரிக்காத டி-ஷர்ட் கட்டின் மேல் அதை வைத்தார்.
பாலிதீன் வழியாகப் பறவையைத் தடவிப் பார்த்தார்.
லூர்து இன்னும் வரவில்லை.
தேஜஸ்வினிக்குத் தமிழ் நன்றாகவே புரியும்,
புரியாதவள்போல் ஒரே வயரை
இரண்டு முறை பற்றவைத்துக்கொண்டிருந்தாள்.

"இந்தக் கம்பெனிதானே தம்பி?"

"ஆமாம்மா, இந்தக் கம்பெனிதான்," என்றேன்.
அதுவரைக்கும் பொய் இல்லை.

அவர் டப்பாவைத் திறந்தார்.
கேசரி.
முந்திரி, கை கூசாமல் போட்டிருந்தார்.